ஒட்டுப் பலகையில் ஒரு சிற்பி

(சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, பேசியபடியே எழுதித் தந்திருக்கிறேன்.)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. உயர்தரம் வரைக்கும் படித்தவன். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. அதற்குப் பிறகு நாட்டு நிலைமை என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2008 இல் இங்கே வந்து சேர்ந்தேன்.

போன மாதங்களில் இதே இடத்தில் ஒரு கணக்காளர் பேசினார். ஒரு தாதி அக்கா பேசினார். வீடு வாங்கி விற்கிற அண்ணன் ஒருவரும் பேசினார். இந்த மாதம் தலைவர் என்னிடம் வந்து, "தம்பி, நீரும் உம்முடைய வேலையைப் பற்றிச் சொல்லுமன்" என்றார். "ஐயா, நான் பலகை ஒட்டுறவன். அதில சொல்ல என்ன இருக்கு?" என்றேன். "அப்ப ஒட்டுறதைப் பற்றியே சொல்லும்" என்று போட்டுப் போய்விட்டார். அதனால் இன்றைக்கு ஒட்டுறதைப் பற்றியும், அப்படி ஒட்டிய பலகையிலேயே உலகம் பேசுகிற சிற்பங்கள் செய்த ஒரு மனிதரைப் பற்றியும், கடைசியில் என்னுடைய ஒரு பொய்யைப் பற்றியும் சொல்லப்போகிறேன்.

முதலில் என் வேலை. ஸ்காபரோவில் உள்ள ஒரு தொழிற்சாலையில் பதினைந்து வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். மேப்பிள், ஓக், வால்நட் என்று மரங்கள் பலகையாக வந்து இறங்கும். அவற்றை ஒடுக்கமான கீற்றுகளாக அரிந்து, பக்கங்களுக்குப் பசை பூசி, அடுக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரே பெரிய பலகையாக்கி அனுப்புவோம். சாப்பாட்டு மேசைக்கும் குசினி மேசைக்கும் மேலே போடுகிற பலகை அது. உங்களில் சிலர் வீட்டில் இருப்பது என் கையால் போனதாகவும் இருக்கலாம்.

ஏன் ஒரே மரத்தில் அகலமான பலகையாக எடுக்கக்கூடாது என்று கேட்பீர்கள். அவ்வளவு பெரிய மரம் இப்போது கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அகலமான தனிப் பலகை காயக் காயக் கிண்ணம் மாதிரி வளையும், அல்லது வெடிக்கும். மரம் வெட்டிய பிறகும் சும்மா இருக்காது. காற்றில் ஈரம் கூடினால் ஊதும், குறைந்தால் சுருங்கும். சுருங்குவதும் நீளப்பாட்டுக்கு இல்லை, அகலப்பாட்டுக்குத்தான். அதனால் சூளையில் வைத்து ஈரத்தை 6 முதல் 8 வீதம் வரைக்கும் இறக்கிய மரத்தைத்தான் ஒட்ட எடுப்போம். பசை பூசினால் பத்து நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் அடுக்கி இறுக்கி முடிக்கவேணும். அந்தப் பத்து நிமிடத்தில் மனேச்சர் வந்தாலும் நிமிர்ந்து பார்க்க ஏலாது. சரியாக ஒட்டிய பலகையை நீங்கள் சுத்தியலால் அடித்து உடைத்தால், ஒட்டு விடாது. பக்கத்து மரம்தான் பிளக்கும். இதுதான் நான் செய்கிற வேலை. இதில் கலை இருக்கிறது என்று முதல் ஏழெட்டு வருடம் ஒருநாளும் நினைத்ததில்லை. மணித்தியாலக் காசு, ஓவர்ரைம், நாரிநோ, அவ்வளவுதான்.

என்னோடு வேலை செய்த போலந்து நாட்டுப் பெரியவர் ஒருவர் ஓய்வு பெற்றுப் போகிற நாளில், ஒரு கட்டுப் பழைய மரவேலைச் சஞ்சிகைகளை என் கையில் தந்தார். "உனக்கு மரத்தின் மேல் கண் இருக்கு, குப்பையில் போடாதே" என்றார். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம் புரட்டினேன். ஒரு கதிரையின் படம். கதிரை என்று சொல்லவும் முடியாது. ஆற்றங்கரையில் தண்ணீர் தேய்த்த பெரிய கல் மாதிரி வளைந்து கிடக்கிறது. அதில் ஆள் இருக்கலாம். கிட்டப் பிடித்துப் பார்த்தால் அதன் உடம்பு முழுக்கக் கோடுகள். பூமிசாத்திரப் புத்தகத்தில் மலையைக் காட்டச் சமவுயரக் கோடு கீறுவார்களே, அந்த மாதிரி. எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஏனென்றால் அவை ஒட்டுக்கோடுகள். நான் நாளாந்தம் ஒட்டுகிற அதே ஒட்டு.

செய்தவர் பெயர் வெண்டல் காசில். 1932 இல் ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் எழுத்து வாசிப்பது அவருக்குப் பெரும்பாடு. டிஸ்லெக்சியா என்று இன்றைக்குச் சொல்கிறார்களே, அதுதான். அந்தக் காலத்தில் அப்படிப் பிள்ளைகளை என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும், மொக்கு என்பார்கள். ஆனால் படம் கீறுவார். பிறகு கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, 1958 இல் கைத்தொழில் வடிவமைப்பிலும், 1961 இல் சிற்பத்திலும் பட்டம் எடுத்தார்.

சிற்பம் படிக்கிற காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் ஒரு தளபாடம் செய்துகொண்டு நிற்க, ஆசிரியர் ஒருவர் கண்டுவிட்டு, சிற்பி ஒருவன் இந்த வேலையில் நேரத்தை வீணாக்குவதா என்ற மாதிரிக் கேட்டாராம். அதாவது சிற்பம் என்றால் உயர்ந்தது, கதிரை மேசை என்றால் தச்சன் வேலை. இந்தக் கதை எங்கள் ஊரில் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். அமெரிக்காவிலும் இருந்திருக்கிறது!

காசில் அந்த ஆசிரியரோடு சண்டைக்குப் போகவில்லை. சிற்பமாகவும் இருக்கவேணும், ஆள் இருக்கக்கூடியதாகவும் இருக்கவேணும் என்று ஒரு ஸ்ரூலைச் செய்தார். அது 1959 இல். எலும்புகள் மாதிரி மெல்லிய நீண்ட கால்கள், உயரத்தில் ஒரு சின்ன இருக்கை. இதைப் பார்த்துக் கதிரையா, சிற்பமா என்று எவராலும் பிரித்துச் சொல்ல ஏலாது. அந்தத் தொடக்க காலத்தில் அவர் பாவித்த மரத்தைப் பற்றி ஒரு விசயம் சொல்லவேணும். துப்பாக்கிப் பிடி செய்வதற்கென்று வெட்டி, சரிவராது என்று ஒதுக்கிய வால்நட் துண்டுகளை எடுத்துப் பாவித்தார். துப்பாக்கிப் பிடியாகப் போகவேண்டிய மரம் ஆள் இருக்கிற இருக்கையாக மாறியது. நாங்கள் வந்த வழியை நினைத்துப் பார்த்தால், இதை வாசித்துவிட்டு நான் ஏன் கொஞ்ச நேரம் சஞ்சிகையை மூடி வைத்தேன் என்று உங்களுக்கு விளங்கும்.

1962 இல் அவர் நியூயோர்க் மாநிலத்தின் றொச்செஸ்ரர் நகருக்குப் போய், அங்குள்ள தொழில்நுட்ப நிறுவனத்தின் கைவினைக் கல்லூரியில் படிப்பிக்கத் தொடங்கினார். பிறகு பக்கத்தில் ஸ்கொட்ஸ்வில் என்ற சிற்றூரில், பழைய தீவன ஆலை ஒன்றை வாங்கிப் பட்டறையாக்கிக்கொண்டார். 1980 இல் அங்கே மரவேலைப் பள்ளிக்கூடம் ஒன்றும் தொடங்கினார். சாகும்வரை அந்த ஊர்தான். ரொறன்ரோவில் இருந்து பார்த்தால் றொச்செஸ்ரர் ஒன்ராறியோ ஏரிக்கு அக்கரை. எங்களுக்கு அவ்வளவு கிட்ட.

இனி அவர் எப்படிச் செய்தார் என்று சொல்கிறேன். பழைய காலச் சிற்பிகள் பெரிய மரக்குற்றி ஒன்றை நிமிர்த்தி வைத்து, வேண்டாததைச் செதுக்கி எடுப்பார்கள். அதில் இரண்டு பிரச்சினை. ஒன்று, குற்றி உள்ளே காயாது. வெளியே காய்ந்து சுருங்க, உள்ளே ஈரமாய் நிற்க, நடுவால் வெடிக்கும். மற்றது, மரத்தின் அளவுக்கு மிஞ்சிச் சிற்பம் செய்ய ஏலாது. காசில் சிறுவனாக இருந்தபோது ஒரு சஞ்சிகையில் பொம்மை வாத்து செய்யும் விதத்தைப் பார்த்திருக்கிறார். வேட்டைக்காரர் தண்ணீரில் மிதக்க விடுவார்களே, அந்த வாத்து. பலகைகளை ஒன்றின் மேல் ஒன்று ஒட்டி, பிறகு செதுக்குவது. அந்த ஞாபகம்தான் அறுபதுகளின் தொடக்கத்தில் அவருக்குக் கைகொடுத்தது.

முதலில் வேண்டிய வடிவத்தைப் படமாகக் கீறுவார். அதை ஒரு பாணை வெட்டுவதுபோல் தட்டுத் தட்டாகப் பிரித்துக்கொள்வார். ஒவ்வொரு தட்டுக்கும் அந்த உயரத்தில் என்ன உருவம் வருமோ, அந்த அளவுக்குப் பலகையைப் பட்டி வாளில் அரிவார். பலகை ஏறக்குறைய ஒரு அங்குலத் தடிப்பு. பிறகு பசை பூசி, ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி, கிளாம்ப் போட்டு இறுக்குவார். இறுக்கி முடிந்தால் படிக்கட்டு மாதிரி ஒரு கரடுமுரடான உரு வரும். முதலில் சங்கிலி வாளால் பெரிய மூலைகளைத் தள்ளி, அதற்குப் பிறகு காற்றில் ஓடும் உளி, அரம், கடைசியில் மண்கடதாசி. படிக்கட்டு மறைந்து வளைவு வரும். ஆனால் கோடுகள் மறையாது. அவர் மறைக்கவும் இல்லை.

இதில் உள்ள கெட்டித்தனத்தைக் கவனியுங்கோ. ஒவ்வொரு பலகையும் முன்கூட்டியே காய்ந்தது, அதனால் வெடிக்காது. தட்டுகளை உருவத்துக்கு ஏற்ற மாதிரி முதலே அரிவதால் மரம் வீண்போகாது, நடுவில் வெறுமையாகவும் விடலாம், பாரமும் குறையும். எந்தப் பக்கமும் நீட்டலாம், வளைக்கலாம். மரம் சின்னதென்ற கவலை இல்லை. மேசை ஒன்று நிலத்தில் இருந்து முளைத்து வந்த மாதிரி நிற்கும். கதிரையும் மேசையும் ஒரே உடம்பாய் ஒட்டிப் பிறந்த மாதிரியும் செய்திருக்கிறார்.

அவர் ஒரே மாதிரிச் செய்துகொண்டும் இருக்கவில்லை. 1969 இல் கடைவாய்ப் பல்லின் உருவத்தில் பைபர்கிளாசில் கதிரை செய்தார். 1985 இல் "ஆவி மணிக்கூடு" என்று ஒன்று செய்தார். அது இப்போது ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஏழு அடிக்கு மேல் உயரமான மணிக்கூடு ஒன்றை வெள்ளைத் துணியால் மூடிக் கயிற்றால் கட்டி வைத்த மாதிரி இருக்கும். துணியை எடுத்துப் பார்ப்போம் என்று கை போகும். எடுக்க ஏலாது. துணியும் மரம், கயிறும் மரம், மடிப்பும் மரம். எல்லாம் ஒட்டிய மகோகனியைச் செதுக்கி, துணிப் பகுதியை மட்டும் வெளிற வைத்தது. இதை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். 1988 இல் வெளியான ஸ்டெயின்வே கம்பனியின் ஐந்து இலட்சமாவது பியானோவின் உடலை வடிவமைத்தவரும் இவர்தான்.

கடைசிக் காலத்தில் தொழிற்சாலை றோபோக் கை ஒன்றையும் பட்டறையில் வைத்துக்கொண்டார். சின்ன மாதிரியைக் கையால் செய்வார். அதைக் கொம்பியூட்டரில் ஏற்றி, தட்டுகளை அரிந்து ஒட்டி, றோபோவை விட்டுப் பெரும்பகுதியைச் செதுக்குவிப்பார். முடிக்கிற வேலை திரும்பவும் மனிதக் கைக்கு. எங்கள் பக்ரறியிலும் கொம்பியூட்டர் மெசின் வந்தபோது இரண்டு பேரை வேறு பகுதிக்கு மாற்றினார்கள். எல்லோரும் பயந்துபோனோம். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் எண்பது வயதை எட்டிய ஒரு மனிதர் மெசினைக் கண்டு ஓடாமல், அதற்கு வேலை சொல்லிக் கொடுத்தார் என்பதும் பொய்யில்லை.

2017 இல் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. அந்தக் கடவுச்சீட்டோடு நான் முதல் முதல் எல்லை தாண்டியது கலியாணத்துக்கோ கோயிலுக்கோ இல்லை, இதைப் பார்க்கத்தான். அந்த வருடக் கடைசியில் றொச்செஸ்ரரில் மெமோரியல் ஆட் கலரி என்ற இடத்தில் அவருடைய கண்காட்சி நடந்தது. அறுபதுகளில் செய்தவையும் புதிதாகச் செய்தவையும் சேர்த்து வைத்திருந்தார்கள். என் மனுசி, "கதிரை பார்க்க மூன்றரை மணித்தியாலம் காரோடுற ஆளை நான் இப்பதான் பாக்கிறன்" என்றா. ஆனாலும் சோறு கட்டிக்கொண்டு கூட வந்தா.

உள்ளே போனதும் மற்றவர்கள் எட்டி நின்று வடிவைப் பார்த்தார்கள். நான் குனிந்து ஒட்டைப் பார்த்தேன். ஒரு கதிரையின் முதுகில் கோடுகளை எண்ணத் தொடங்கினேன். எங்கேயாவது ஒட்டு விட்டிருக்கிறதா, பசை பிதுங்கி நிற்கிறதா என்று தேடினேன். காவலுக்கு நின்றவர் வந்து, தொடவேண்டாம் என்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மனுசி கேட்டா, "ஏனப்பா கண் கலங்குது?" என்று. தூசி என்று சொன்னேன்.

தூசி இல்லை. அந்த இடத்தில் எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்தது. இனித்தான் அந்தப் பொய்க்கு வருகிறேன்.

நான் வந்த புதிதில், இந்தச் சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழா ஒன்றில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார், "தம்பி, ஊரில அப்பா என்ன உத்தியோகம்?" என்று. "கச்சேரியில கிளாக்கர்" என்று சொன்னேன். அந்தப் பெரியவர் இன்றைக்கும் இந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கிறார். ஐயா, மன்னிக்கவேணும். என்னுடைய அப்பா தச்சுத் தொழிலாளி. கச்சேரிக்குள் அவர் போனதென்றால் கதவு திருத்தத்தான் போயிருப்பார்.

எங்கள் வளவுக்குள் ஓலைக் கொட்டில் ஒன்று. அதுதான் பட்டறை. வேம்பு, பலா, முதிரை, பூவரசு என்று மரத்தை மணத்திலேயே சொல்லுவார். ஒருமுறை கோயில் குதிரை வாகனம் ஒன்று திருத்த வந்தது. ஒரே மரத்தில் குடைந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். வர்ணத்தைச் சுரண்டினால் உள்ளே எத்தனையோ துண்டுகள், ஒன்றோடொன்று பொருத்தி இருந்தன. "ஏனப்பா ஒரே மரத்தில செய்யேல்லை?" என்று கேட்டேன். "ஒரே மரமெண்டால் வெடிச்சுப் போகும் மேனை. துண்டு துண்டாய்ச் சேர்த்தால்தான் வெயிலும் மழையும் தாங்கும்" என்றார். காசில் பொம்மை வாத்தில் கண்டதை நான் எங்கள் கொட்டிலிலேயே கண்டிருக்கிறேன். கண்டும் காணாதவனாய் இருந்திருக்கிறேன்.

காரணம் உண்டு. ஊரில் எங்களைத் "தச்சன்ரை பெடியள்" என்பார்கள். தொழிலைச் சொன்னால் குற்றமில்லை, அதைச் சொல்லுகிற விதம் இருக்கிறதே, அதுதான். அப்பாவுக்கும் அது தெரியும். நான் உளியைத் தொட்டால் பறித்து வைப்பார். "இது என்னோட போகட்டும். நீ பேனை பிடி" என்பார். அவருடைய உளி அடித்த காசில்தான் நான் ரியூசனுக்குப் போனேன்.

இங்கே வந்து வேலை கிடைத்தது மரப் பக்ரறியில். ஊருக்கு ரெலிபோன் எடுத்தால் அப்பா கேட்பார், "என்ன வேலை தம்பி?" "ஒபீஸில அப்பா." அவர் சந்தோசத்தில் ஊர் முழுக்கச் சொன்னார். ஆக, இங்கே அப்பாவைக் கிளாக்கர் ஆக்கினேன், அங்கே என்னைக் கிளாக்கர் ஆக்கினேன். இரண்டு பக்கமும் பொய்.

2014 இல் ஒருநாள், மதிய இடைவேளையில் பக்ரறி வாசலில் நின்று அவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே யாரோ வாளை ஓடவிட்டுவிட்டார்கள். அப்பா கதையை நிற்பாட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நல்லாய்க் காய்ஞ்ச மரம்" என்றார். எனக்கு வாய் வரவில்லை. "கையைப் பாத்து வேலை செய் மேனை" என்று சொல்லிப்போட்டு, தங்கச்சியிடம் ரெலிபோனைக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒபீஸைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அப்பா மோசம் போனார். விண்ணப்பம் ஒன்று முடியாமல் இருந்தபடியால் போகவும் முடியவில்லை. ஊருக்குப் போய்வந்த ஒருவரிடம் தங்கச்சி அவருடைய உளி ஒன்றைக் கொடுத்துவிட்டிருந்தாள். கைபிடி அவர் விரல் பட்ட இடத்தில் தேய்ந்திருக்கிறது.

றொச்செஸ்ரரில் அந்தக் கதிரைக்கு முன்னால் நிற்கும்போது இதுதான் மனதில் வந்தது. அங்கே ஒரு மனிதர், தளபாடம் தாழ்வு என்று சொன்னவர்களுக்கு முன்னால் அதையே செய்து காட்டி, கலைக்கூடம் தன்னிடம் வரும்படி செய்தார். ஒட்டுக்கோட்டை ஒளிக்கவில்லை. நான் ஒளித்தேன். ஒளித்தபடியால் என் அப்பாவிடம், "இங்க இந்தப் பசையை இப்பிடிப் பூசுறம் அப்பா, அங்க நீங்கள் எப்பிடிப் பூசுவியள்?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட்டேன். ஏழு வருடம் ரெலிபோனில் மழையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் கதைத்தோம். இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரே விசயத்தைக் கதைக்கவில்லை.

கலரிக்கு வெளியே, சிற்பப் பூங்காவில் காசில் வார்ப்பிரும்பில் செய்த மேசையும் கதிரைகளும் உள்ளன. அவற்றில் இருக்கலாம். குளிர் எலும்புக்குள் போனது. ஆனாலும் நானும் மனுசியும் அதில் இருந்து கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டோம். இரண்டு மூன்று மாதத்தில், 2018 ஜனவரி 20 ஆம் திகதி, அந்தச் சிற்பி தன் 85 ஆவது வயதில் காலமானார்.

திரும்பி வந்து நானும் ஒரு ஸ்ரூல் செய்ய வெளிக்கிட்டேன். பக்ரறியில் வெட்டிக் கழிக்கிற துண்டுகளை எடுத்துப்போகச் சுப்பர்வைசர் அனுமதி தந்தார். முதல் ஸ்ரூல் சரிவரவில்லை. வடிவுக்காக ஒரு தட்டை நீளத்துக்கும் அடுத்த தட்டைக் குறுக்குக்கும் வைத்து ஒட்டிவிட்டேன். மாரி வந்து வீட்டு ஹீற்றரில் காற்றுக் காய, ஒன்று ஒரு பக்கம் சுருங்க, மற்றது விடாமல் பிடிக்க, நடுச்சாமத்தில் பட்டென்று வெடித்தது. பிள்ளைகள் எழும்பிவிட்டார்கள். இரண்டாவதில் எல்லாத் தட்டின் நாரும் ஒரே திசை. வால்நட்டும் மேப்பிளும் மாறி மாறிப் பதினொரு தட்டு. செதுக்கியது அப்பாவின் உளியால். மூன்று மாரி கண்டுவிட்டது, இன்னும் வெடிக்கவில்லை.

அதை இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அதோ வாசலில் இருக்கிறது. இந்த மண்டபத்துக்கு வருகிற அம்மாமார், ஐயாமார் பனிக்காலத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று சப்பாத்துக் கழற்றுவதை நான் கனநாளாய்ப் பார்த்து வருகிறேன். இனி அதில் இருந்து கழற்றுங்கோ. கலைக்கூடத்தில் தொடாதே என்பார்கள். இது தொடத்தான், இருக்கத்தான்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "படிக்காட்டில் பக்ரறிக்குத்தான் போகவேணும்" என்று நாங்கள் எங்கள் பிள்ளைகளை வெருட்டுகிறோம். நானும் என் மகனிடம் சொன்னவன்தான். பிள்ளைகள் படிக்கவேணும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. பக்ரறி வேலை கஷ்டம், அதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த வசனத்தைச் சொல்லும்போது, பக்ரறிக்குப் போய் உழைத்துக் கொடுக்கிற தகப்பனும் தாயும் அந்தப் பிள்ளையின் கண்ணில் என்ன ஆகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கோ. எழுத்துக் கூட்ட முடியாமல் கையால் எதையாவது செய்துகொண்டிருக்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அதை மொக்கு என்று சொல்லாதீர்கள். உங்கள் தொழிலை, உங்கள் தகப்பன்மார் செய்த தொழிலை, பிள்ளைகளுக்குச் சொல்லுங்கோ. ஊரில் அப்பா உயிரோடு இருந்தால் இன்றைக்கு இரவே ரெலிபோன் எடுத்து உண்மையைச் சொல்லுங்கோ. அவருக்கு அது முதலே தெரிந்திருக்கவும் கூடும்.

என் மகன் இப்போது கேட்கிறான், அப்பப்பா என்ன வேலை செய்தவர் என்று. தச்சர் என்று சொல்கிறேன். அடுத்து, நீங்கள் என்ன வேலை என்கிறான். நான் பலகை ஒட்டுறவன் என்கிறேன்.